ஒரு பைசாவுக்காகத் தெருவுக்கு வந்தவர்: நாராயணசாமி நாயுடு

தமிழ்நாட்டுல விவசாய பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம். அதைக் கொடுத்தது யாருன்னு தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடக்கும். கேட்டு வாங்கினது யாருன்னு பார்த்தா, முதல்ல வர்ற பேர் சி. நாராயணசாமி நாயுடு. 1925ல் கோவை பக்கத்துல வையம்பாளையத்தில் பிறந்த விவசாயி.

கொங்கு நாடு கிணத்துப் பாசன பூமி. கமலை போய் மோட்டார் வந்ததும், கரண்ட் பில்லும் சாகுபடிச் செலவாயிடுச்சு. 1970ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராட்டம். ஒரு பைசாதானேன்னு தோணும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 ஹெச்பி மோட்டார் தினம் 8 மணி நேரம் ஓடினா சுமார் 30 யூனிட். மாசத்துக்கு 900. அப்போ அந்த ஒரு பைசா, மாசம் 9 ரூபாய். கிணத்துல தண்ணி கீழே போகப் போக மோட்டார் இன்னும் அதிக நேரம் ஓடணும். விளைச்சலுக்கு விலை வைக்கிறதோ வேற யாரோ.

அந்தப் போராட்டத்துல பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தாங்க. 1972ல் நாயுடு தலைமையில மாட்டு வண்டிகள் கோவை நகரத்தையே நிரப்பி நிறுத்திடுச்சு. அந்த வருஷமும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஆட்சி மாறின பிறகு, 1978ல் வேடசந்தூர் பக்கமும் அதேதான்.

இத்தனை நாளும் அவரோட பலம், எந்தக் கட்சியோட ஆளும் சங்கத்துல சேரலாம்ங்கிறதுதான். கரை வேட்டி எதுவா இருந்தாலும் கரண்ட் பில் ஒண்ணுதானே. 1982ல் அவரே கட்சி ஆரம்பிச்சார். சாலையை மறிக்க அவர் பின்னாடி வந்தவங்க, ஓட்டுப் போடும்போது பழைய சின்னத்தையே தேடினாங்க. கட்சி எடுபடல. 1984 டிசம்பரில், தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்துல, கோவில்பட்டியில் காலமானார்.

அதே 1984ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990ல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கிச்சு. ரெண்டு கட்சியும் அந்த ஓட்டுக்குப் பயந்ததுன்னா, அந்தப் பயத்தை உண்டாக்கினது சங்கம். தேர்தல்ல தோத்தவர் கேட்டதைத்தான் ஜெயிச்சவங்க கொடுத்தாங்க. இலவசம்னு யாராவது கேலி பண்ணினா, பெருமாநல்லூரைச் சொல்லுங்க.