விருந்தாளியாக வந்தவையும் பின்னால் வந்த சட்டங்களும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வெள்ளவத்தையில் குடியிருந்தபோது, எமது வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் 'டேங்க் கிளீனர்' என்று கடைக்காரர் விற்ற மீனொன்று வளர்ந்தது. பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று பிள்ளைகள் கேட்டு வாங்கியது. விரலளவில் வந்த அந்த மீன் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டது. கொல்ல மனம் வரவில்லை. ஒருநாள் மாலை வாளியில் எடுத்துச்சென்று கால்வாயில் விட்டுவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியுடன் வீடு திரும்பினேன். அது புண்ணிய காரியமல்ல என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்டகாலம் எடுத்தது.

என்னைப் போன்றவர்கள் இந்த நாட்டில் முன்னரும் இருந்திருக்கிறார்கள். கிழக்கு மாகாண மக்கள் ஆற்றுவாழை என்றழைக்கும் நீர்த்தாவரம் தென்னமெரிக்காவின் அமேசன் பிரதேசத்துக்கு உரியது. ஊதா நிறப் பூவின் அழகுக்காக 1905ஆம் ஆண்டளவில் அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போதைய தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக்கின் துணைவியாரே அதனைத் தருவித்தவர் என்று சொல்லப்படுவதுண்டு. கொண்டுவந்தவர் யாராயினும், சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்நிலைகளை அது மூடத்தொடங்கியது. 1909ஆம் ஆண்டில், அந்த ஒரு தாவரத்தைத் தடுப்பதற்காக மாத்திரம் தனியானதொரு கட்டளைச் சட்டத்தைக் குடியேற்ற அரசாங்கம் இயற்றவேண்டியதாயிற்று. சட்டம் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்ட போதிலும், மட்டக்களப்பு வாவியில் ஆற்றுவாழையை அகற்றும் வேலை முடிந்தபாடில்லை.

அந்த அனுபவம் போதிய பாடமாக அமையவில்லை. 1939ஆம் ஆண்டில் தாவரவியல் கற்பித்தலுக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியாவும் தப்பி வெளியேறி வயல்களையும் குளங்களையும் பிடித்துக்கொண்டது.

வெளியிலிருந்து வந்தவை எல்லாமே கேடு விளைவித்தன என்று கூறுவது நியாயமாகாது. 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் திலாப்பியா மீனைக் குளங்களில் விட்டது அரசாங்கமே. எமது நன்னீர் மீன்பிடித் தொழில் இன்று பெருமளவுக்குத் திலாப்பியாவிலேயே தங்கியிருக்கிறது. ஆனால், அது அரசாங்கம் தெரிந்து எடுத்த தீர்மானம். அலங்கார மீன் வர்த்தகத்தின் ஊடாக வந்தவற்றை ஆற்றில் விடுமாறு எவரும் தீர்மானிக்கவில்லை.

தென்கிழக்காசியாவுக்குரிய கத்திமீன் 1990களில் அந்த வர்த்தகத்தின் வழியாகவே வந்துசேர்ந்தது. தொட்டிகளில் வளர்ந்து பெருத்த பின்னர் நீர்நிலைகளில் விடப்பட்ட இந்தக் கொன்றுண்ணி, களனி கங்கைப் படுகையில் எமது சிறிய மீன்களை இரையாக்குகிறது. நான் கால்வாயில் விட்ட மீனின் இனம் விக்டோரியா நீர்த்தேக்கம் வரையில் பரவிவிட்டது. அதன் முட்கள் வலைகளைக் கிழிக்கின்றன; அதை வாங்கிச் சமைப்பாரும் இல்லை. அன்றாடம் வலைவீசிப் பிழைக்கும் மீனவனே எமது இரக்கத்துக்கு விலை கொடுக்கிறான்.

சட்டங்கள் இல்லாமலில்லை. வனசீவராசிகளுக்கு 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டில் இலங்கை சைற்றிஸ் உடன்படிக்கையில் இணைந்துகொண்டது. உயிருள்ள மீன்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதற்கு 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் வழிவகுத்தது. இவற்றின் பார்வை பெரும்பாலும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலுமே பதிந்திருக்கிறது. ஆனால், மேற்சொன்ன மீன்கள் ஆற்றுக்குள் சென்றது எமது வீடுகளின் பின்கதவு வழியாக. மாலை வேளையில் ஒரு வாளியுடன் கால்வாய்க்கரைக்குச் செல்லும் குடும்பஸ்தனைச் சுங்க அதிகாரி எவ்வாறு தடுப்பார்?

விற்ற கடையே மீனைத் திருப்பி ஏற்கவேண்டும் என்றும், அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே கூறவேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், நான் அன்று கால்வாய்க்குப் போயிருக்கமாட்டேன். 1909ஆம் ஆண்டின் சட்டம் சில ஆண்டுகள் தாமதித்து வந்ததால் ஏற்பட்ட இழப்பை நாம் இன்னமும் சுமக்கிறோம். அடுத்த சட்டமாவது மீனுக்கு முன்னதாக வரட்டும்.