‘எங்க ஊர்ல அதெல்லாம் கெடையாது’

தீண்டாமை பற்றி ஊர்த்தெருவில் கேட்டால் முதலில் வருகிற பதில் இதுதான். கேட்கிறவர் தாசில்தாராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம், பதில் மாறுவதில்லை. இதை ஏதோ ஒரு தனிமனிதனின் பொய் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பொய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1911 சென்சஸுக்காக 1910இல் கமிஷனர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்து என்று எழுதப்படுகிற சாதிகளில் யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்தறிய அதில் பத்து அடையாளங்கள் இருந்தன. பார்ப்பனப் புரோகிதர் வருகிறாரா, கோயிலுக்குள் போக முடியுமா, தொட்டால் தீட்டா, மாட்டுக்கறி தின்கிறார்களா என்றெல்லாம் கேட்டது அது. 1931 சென்சஸை நடத்திய ஹட்டனும் கிணறு, பாதை, பள்ளிக்கூடம், நாவிதர் என்று இதே வழியில்தான் போனார். வெள்ளைக்காரனுக்கு அவன் கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனசில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், கிணற்றடியில் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷமே நிலைமை தலைகீழானது. வாக்குரிமை பற்றி விசாரிக்க லோதியன் குழு 1932இல் வந்தது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். ஐக்கிய மாகாணத்தில் தீண்டப்படாதோர் 1 கோடியே 26 லட்சம் என்றது சென்சஸ். அங்கிருந்த மாகாணக் குழுவோ வெறும் 6 லட்சம் என்றது. வங்காளத்தில் ஒரு கோடிக்கு மேல் இருந்தவர்களை, மாகாணக் குழு 70 ஆயிரமாக்கிவிட்டது. ஒரு வருஷத்தில் இத்தனை பேருக்குத் தீட்டு எப்படிக் கழிந்தது? அம்பேத்கர் இதன் காரணத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். தலையை எண்ணினால் சட்டசபையில் இடம் கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்ததும், இந்துக்கள் தீண்டப்படாதவர்களே இல்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆக, பதில் உண்மையைப் பார்த்து வருவதில்லை, அந்தப் பதிலால் கைவிட்டுப் போவது என்ன என்று பார்த்து வருகிறது.

எண்பது வருஷம் கழித்து, 2011–12இல், பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக்கான தேசியக் கவுன்சிலும் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகமும் நாடு முழுக்க 42,152 வீடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களை அத்தோடு விட்டுவிடவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்டார்கள். முதலில் இல்லை என்றவர்களில் ஒரு பகுதியினர் இங்கே மாட்டிக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தால் 100க்கு 27 வீடுகள். வாயால் ஒத்துக்கொண்ட வீடுகள் மட்டுமே இவை, ஒத்துக்கொள்ளாதவை இந்தக் கணக்கில் இல்லை.

ஒரு கணக்கெடுப்புக்காக நான் சில கிராமங்கள் சுற்றியிருக்கிறேன். ஓர் ஊரில் பெரியவர் ஒருவர், “எல்லாரும் மாமன் மச்சானாத்தான் பழகுறோம்” என்றார். சேரியில் ஒரு அம்மாவிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “ஆமாப்பா, வாசப்படி வரைக்கும்” என்றார். அந்த நேரம் பார்த்து அவர் வேலைசெய்கிற காட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். அம்மா பேச்சை மாற்றி, “இங்க ஒரு கொறையும் இல்ல” என்றார். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன், யார் வந்து நின்றார் என்பதையும் சேர்த்து. பயந்து சொன்ன பதிலும் சாட்சியம்தான்.

நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புகிற தோழர்களுக்குச் சொல்கிறேன். “தீண்டாமை உண்டா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். டீக்கடையில் எந்த கிளாஸ், முடி எங்கே வெட்டுகிறார்கள், பிணம் எந்த வழியாகப் போகிறது, தேர் எந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்று கேளுங்கள். ஊரில் கேட்டதைச் சேரியிலும் கேளுங்கள், ஆணிடம் கேட்டதைப் பெண்ணிடமும் கேளுங்கள். பிறகு நீங்களே போய் அந்தக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். பொய் என்று தெரிந்தாலும் முதல் பதிலை அடித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே கண்டதை எழுதுங்கள். 1932இல் அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் பதிவானதால்தான் நம் ஆட்களை யார் காணாமல் அடித்தார்கள் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.