தங்க ஆட்டுத்தோல் - ஒரு பட்டம், இரண்டு சொந்தக்காரர்கள்

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ராஜாக்களின் கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சிலருடைய மாலையில் வயிற்றில் கட்டித் தூக்கியது போல ஒரு ஆடு தொங்கும். அதுதான் 'ஆர்டர் ஆஃப் த கோல்டன் ஃப்ளீஸ்', அதாவது தங்க ஆட்டுத்தோல் பட்டம். சாதாரண ஆடு இல்லை சார், கிட்டத்தட்ட 600 வயசு ஆடு!

1430 ஜனவரி 10. பர்கண்டி நாட்டுப் பிரபு மூன்றாம் ஃபிலிப், போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவைத் திருமணம் செய்த விழாவில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகரில் இதைத் தொடங்கினார். முதலில் 24 'நைட்'கள் மட்டும். ஏன் ஆட்டுத்தோல்? கிரேக்கக் கதையில் ஜேசன் தேடிப் போன தங்க ஆட்டுத்தோல் என்கிறார்கள். பைபிளில் வரும் கிதியோனின் ஆட்டுத்தோல் என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியே கம்பளி வியாபாரத்தில் கொழித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது இவர்களின் கூட்டம்தான். ஒவ்வொரு நைட்டும் வெளியே போய் நிற்க, மற்றவர்கள் அவருடைய குறைகளைப் பட்டியல் போடுவார்கள். தலைவரான பிரபுவுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. முதலாளியின் குறையை முகத்துக்கு நேரே சொல்ல விதியிலேயே இடம்! இன்று எத்தனை நிறுவனங்களில் இது நடக்கும்?

1477-ல் ஃபிலிப்பின் மகன் சார்லஸ் போரில் இறந்தார். அவர் மகள் மேரி ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியனை மணக்க, பட்டமும் அந்த வம்சத்துக்குப் போனது. 1700-ல் ஸ்பெயினின் ஹாப்ஸ்பர்க் மன்னர் இரண்டாம் கார்லோஸ் வாரிசில்லாமல் இறந்ததும் சிக்கல் தொடங்கியது. ஸ்பெயின் அரியணைக்குப் போட்டியிட்ட இருவருமே "பட்டம் என்னுடையது" என்றார்கள். அன்று முதல் ஸ்பெயினில் ஒன்று, ஆஸ்திரியாவில் ஒன்று.

1918-ல் ஆஸ்திரியாவில் முடியாட்சியே போய்விட்டது. பட்டம் அரசுடையது என்றால் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இது குடும்பத்துடையது என்றது ஹாப்ஸ்பர்க் தரப்பு. பொக்கிஷங்கள் எங்களுக்கு வர வேண்டும் என்று பெல்ஜியம் கேட்டது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கடைசியில் 1953-ல் ஆஸ்திரியக் குடியரசே இதைத் தனிச் சட்ட அமைப்பாக ஏற்றது. கம்பெனிச் சட்டத்தில் படிக்கிறோமே, உறுப்பினர்கள் மாறினாலும் நிறுவனம் நிலைத்திருக்கும் என்று, அதே கதைதான். பொக்கிஷங்கள் வியன்னா அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2000 முதல் தலைவர் கார்ல் வான் ஹாப்ஸ்பர்க். அங்கே இன்றும் கத்தோலிக்க ஆண்களுக்கு மட்டும்தான் இடம்.

ஸ்பெயின் வேறு வழியில் போனது. 1812-ல் புராட்டஸ்டன்ட் மதத்தவரான வெலிங்டனுக்குக் கொடுத்தார்கள். 1985-ல் நெதர்லாந்து ராணி பியாட்ரிக்ஸ், 1988-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் என்று பெண்களும் வந்தார்கள். வாரிசு இளவரசி லியோனோருக்கு 2018-ல் மாலை அணிவித்தார் அவர் தந்தை மன்னர் ஃபெலிப்பே. பெற்றவர் இறந்ததும் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பரம்பரைச் சொத்தாகாது.

அப்படியானால் இதற்கு இன்று என்ன மதிப்பு? அதிகாரம் இல்லை, நிலம் இல்லை, சம்பளம் இல்லை. ஒரு ராஜ குடும்பம் "நன்றி" சொல்லும் முறை, அவ்வளவுதான். மக்கள் வரிப்பணத்தில் வாழும் ராஜ குடும்பத்துக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆனால் அடால்ஃபோ சுவாரஸைப் பற்றிப் படித்தபோது என்னால் அதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்துக்குப் பின் ஸ்பெயினை ஜனநாயகத்துக்கு அழைத்து வந்த பிரதமர் அவர். 2007-ல் அவருக்குப் பட்டம் அறிவிக்கப்பட்டபோது மறதி நோய் முற்றியிருந்தது. தான் பிரதமராக இருந்ததே அவர் நினைவில் இல்லை. 2008-ல் மன்னர் ஹுவான் கார்லோஸ் அவர் வீட்டுக்கே போய் மாலையைக் கொடுத்தார். இருவரும் தோட்டத்தில் நடந்து போவதைப் பின்னாலிருந்து அவர் மகன் படம் எடுத்தார். மன்னரின் கை நண்பரின் தோளில்.

வாங்கியவருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. அந்தப் படத்தைப் பார்த்த நாட்டு மக்களுக்குப் புரிந்தது.