சொலிட்டான் சமன்பாடுகளின் இயற்கணித அடிப்படை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நேரியலற்ற பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுள் பெரும்பாலானவற்றிற்குத் துல்லியத் தீர்வு காணும் பொதுமுறை இல்லை. சொலிட்டான் சமன்பாடுகள் இதற்கு விலக்கு. அவ்விலக்கிற்குக் காரணம் யாது என்னும் வினா விடைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலையும் சமன்பாடும்

1834ஆம் ஆண்டு எடின்பரோ அருகேயுள்ள யூனியன் கால்வாயில், படகொன்று திடீரென நின்றபோது அதன் முன்புறத்திலிருந்து எழுந்த ஒற்றை அலை வடிவம் குலையாமல் நகர்ந்ததை ஜான் ஸ்காட் ரசல் குதிரைமீது பின்தொடர்ந்து கண்டார். அத்தகைய அலைக்குரிய சமன்பாட்டை 1895இல் கோர்ட்டெவெக், டி விரீஸ் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர். பூசினெஸ்க் 1877லேயே அதனை எட்டியிருந்தார். 1965இல் சபூஸ்கியும் கிரஸ்கலும் கணினிவழி அச்சமன்பாட்டை ஆய்ந்தனர். மோதிய அலைகள் தத்தம் வடிவையும் வேகத்தையும் மீண்டும் பெற்றன. அவற்றிற்குச் 'சொலிட்டான்' என அவர்கள் பெயரிட்டனர்.

தீர்வு முறைகள்

1967இல் கார்ட்னர், கிரீன், கிரஸ்கல், மியூரா ஆகியோர், குவாண்டம் இயக்கவியலின் சிதறல் கோட்பாட்டைக் கொண்டு அச்சமன்பாட்டைத் தீர்த்தனர். அலைவடிவம் காலத்தோடு மாறினும் அதனோடு இணைந்த செயலியின் ஐகென் மதிப்புகள் மாறா என்பதே இதன் அடிப்படை என 1968இல் பீட்டர் லாக்ஸ் விளக்கினார். 1971இல் ரியோகோ ஹிரோட்டா வேறு வழியை மேற்கொண்டார். அலைவடிவத்தை வேறொரு சார்பின் மடக்கைவழி எழுதியபோது, சமன்பாடு இருநேரியல் வடிவம் பெற்றது. பல சொலிட்டான்கள் மோதும் தீர்வுகளும் எளிதிற் கிட்டின. எனினும் இம்முறை ஒரு கணக்கீட்டு உத்தியாகவே தோன்றியது.

இயற்கணித விளக்கம்

1981இல் கியோட்டோவில் மிக்கியோ சாட்டோ, காடம்சேவ்–பெட்வியாஷ்விலி சமன்பாட்டையும் அதனைச் சார்ந்த சமன்பாட்டுத் தொடரையும் ஆராய்ந்தார். அத்தொடரின் ஒவ்வொரு தீர்வும் முடிவிலிப் பரிமாணக் கிராஸ்மன் வெளியின் ஒரு புள்ளிக்கு உரியது. ஹிரோட்டாவின் சமன்பாடுகளோ அவ்வெளியை வரையறுக்கும் புளூக்கர் தொடர்புகளே. டாட்டே, ஜிம்போ, காஷிவாரா, மீவா ஆகியோர், ஒரு தீர்வை மற்றொன்றாக மாற்றும் முடிவிலிப் பரிமாண லீ இயற்கணிதத்தை வெளிப்படுத்தினர். அத்தொடரைச் சுருக்கினால் கோர்ட்டெவெக்–டி விரீஸ் சமன்பாடு கிடைக்கிறது. அதற்குரிய சமச்சீர்மை ஓர் அஃபைன் லீ இயற்கணிதமாகும்.

முடிவுரை

சொலிட்டான் வரலாற்றில் 1967ஆம் ஆண்டே திருப்புமுனையாகப் பெரிதும் சுட்டப்படுகிறது. அவ்வாண்டு கிடைத்தது தீர்க்கும் வழி. தீர்வு அமைவதற்கான காரணம் புலப்பட்டது கியோட்டோ ஆய்வுகளில்தான். தொகையிடத்தக்க தன்மைக்கு அனைவரும் ஏற்கும் ஒரே வரையறை இன்றும் இல்லை. ஆயினும் இச்சமன்பாடுகள் தீர்வுக்கு இசைவது தற்செயலன்று, உள்ளுறைந்த சமச்சீர்மையின் விளைவே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.