பிரெஞ்சு வினைச்சொல்லின் ஊமை எழுத்துகள்

பிரெஞ்சு படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். 'திக்தே' வகுப்பில் மதிப்பெண் போனதெல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் என்பார்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றிலும் வினை ஒலிப்பது 'பார்ல்' என்ற ஒரே அசையாக. எழுத்தில் மட்டும் மூன்றும் வேறு. 'அவர்கள்' என்றால் கடைசியில் இ, என், டி சேர்க்க வேண்டும். மூன்றும் ஊமை.

'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்று ஒரு பழைய வாக்கியம் உண்டு. பிரெஞ்சில் மடமும் அடைகாக்கும் வினையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. ஆனால் மடம் என்றால் 'கூவான்' என்று மூக்கொலியோடு இரண்டு அசை. வினை என்றால் வெறும் 'கூவ்'.

இவை யாரோ வேண்டுமென்று செருகிய எழுத்துகள் அல்ல. லத்தீனில் 'பாடுகிறார்கள்' என்பதற்கு 'கான்தான்த்'. பழைய பிரெஞ்சிலும் அந்த வால் வாயில் ஒலித்தது, பிறகுதான் தேய்ந்தது. நாமும் 'பேசுகிறார்கள்' என்று எழுதிவிட்டு 'பேசுறாங்க' என்றுதானே சொல்கிறோம்!

வால் முழுதும் சாகவுமில்லை. 'அவர்கள் பேசுகிறார்களா?' என்று வினையை முன்னே போட்டுக் கேட்டால், 'பார்ல் தீல்' என்று அந்த 'த்' எழுந்து வரும். ஒருமையில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டதால், மற்ற வினைகளைப் பார்த்து ஒரு 'த்'தை இரவல் வாங்கி, இருபுறமும் கோடு போட்டு ஒட்டினார்கள். ராசினின் பன்னிரண்டு அசை வரிகளிலோ, வரியின் நடுவே வரும் இதே சொல்லை 'பார்-ல' என்று இரண்டு அசையாகவே எண்ண வேண்டும்.

இறந்தகால வினை ஒன்றில் திருத்தம் நடந்தது. 'இருந்தேன்' போன்ற வடிவங்களை 'ஏ' என்று உச்சரித்துக்கொண்டே ஓ-ஐ என்று எழுதிவந்தார்கள். ஏ-ஐ என்று எழுதுங்கள் என வாதாடினார் வொல்தேர். அவர் இறந்தது 1778-இல். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் அதை ஏற்றது 1835-இல். கோப்பு நகரும் வேகம் நமக்குப் புதிதா என்ன! இ-என்-டி வாலை மட்டும் தொடவில்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது. காதுக்குத் தெரியாத பன்மை கண்ணுக்காவது தெரிய வேண்டாமா?

அந்தத் திருத்தம் ஆட்பெயர்களை எட்டவில்லை. நாட்டினத்தைக் குறிக்கும் சொல் 'பிரான்சே' ஆகிவிட்டது. புதுச்சேரிக்கு அடிகோலி, 1706-இல் இங்கேயே மறைந்த மர்த்தேன் துரையின் முதற்பெயர் மட்டும் பழைய ஓ-ஐயோடு 'பிரான்சுவா' என்றே தெருப் பலகையில் நிற்கிறது. இரண்டும் ஒரே சொல்தான்.