லயம்

தேன்கனிக்கோட்டைக் கடைவீதியில் மும்மொழியும் கலந்து ஒலிப்பதைக் கேட்டவர்கள், நாம் மாரடைப்பு என்று அடைப்பைச் சுட்டுவதைத் தெலுங்கர் 'குண்டெபோட்டு' என்று குத்துவலியாலும், கன்னடத்தார் 'ஹிருதயாகாத' என்று அடியாலும் குறிப்பதை அறிவர். ஆயினும் அடைப்பு நீங்கிய பின்னும் தொடரக்கூடிய அபாயமாகிய லயபங்கத்தை, அதாவது இதயத்துடிப்பின் தாளம் குலைவதை, இம்மூன்று பெயர்களுமே உணர்த்தவில்லை.

'லீ' என்னும் வடமொழித் தாதுவுக்கு ஒட்டுதல், கரைதல் என்பன பொருள். அதனால்தான் சங்கீத வித்வான் காலப்பிரமாணத்தை லயம் என்கிறார், வேதாந்தியோ ஒடுக்கத்தை லயம் என்கிறார். பிரளயமும் இத்தாதுவில் பிறந்ததே. ஒரே சொல்லில் ஒழுங்கும் அழிவும் குடியிருப்பது இருதய விஷயத்தில் விபரீதமான பொருத்தம்! மாரடைப்பில் மாண்ட இதயத்தசை தழும்பாக இறுகிய இடத்தில், மின்னோட்டம் நேர்வழி செல்லாது தயங்கிச் சுழன்று, கீழறைகளை மிகைவேகத்தில் துடிக்கச் செய்கிறது. அத்துடிப்பு வெறும் நடுக்கமாகச் சிதறினால் ரத்தம் ஓடாது, சில விநாடிகளில் பிரக்ஞை தவறும். இந்நடுக்கத்துக்குரிய 'ஃபிப்ரிலேஷன்' என்ற பெயர் சிறுநார் என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. திடீர் மரணத்துக்கு இதுவே காரணமாகலாம் என்று உடலியலறிஞர் மக்வில்லியம் 1889-இலேயே எழுதினார்.

தாளத்தைத் திருத்தினால் உயிர் பிழைக்கும் என்ற எளிய நம்பிக்கையை 1989-இல் வெளியான 'காஸ்ட்' ஆராய்ச்சி உடைத்தது: மாரடைப்புக்குப் பின் எழும் மிகைத்துடிப்புகளை அடக்கிய ஃபிளெக்கனைட், என்கனைட் மருந்துகளை உட்கொண்டவர்களே, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகமாக இறந்தனர்.