இடமறியாச் செந்தமிழும் நகையும்

மீன்சந்தையிலே நின்று, “அன்பரே, இம்மீனின் விலை யாது?” என ஒருவர் வினவுவாராயின், விற்போரும் வாங்க வந்தோரும் ஒருங்கே நகைப்பர். அவ்வினாவில் இலக்கண வழு யாதுமில்லை, சொற்களும் தூயன. அச்சொற்களே மேடையில் வரின் எவரும் நகையார். ஆதலின், நகைக்குக் காரணம் அவை வழங்கப்பட்ட இடமே என்பது பெறப்படும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று கூறும். சந்தையிலே செந்தமிழ் பேசுவோன் உலகவழக்கை அறியாது பேசின், அது பேதைமையின்பாற்படும். அறிந்தே, பிறரை நகைப்பிக்க வேண்டிப் பேசின் எள்ளலின்பாற்படும். மாணவர் தம் தோழரிடையே பண்டிதர் நடையைப் பேசிக்காட்டுவது இப்பின்னைய வகையினது.

இந்நகை எப்பக்கத்தார்மேற் பாய்ந்தது என்பதைப் பழைய நாடகங்கள் காட்டும். வடமொழி நாடகங்களில் அரசரும் அந்தணரும் சங்கதம் பேச, பெண்டிரும் ஏவலரும் பாகதம் பேசுதல் மரபு. விதூடகன் அந்தணனாயினும் பாகதமே பேசுவான். சூத்திரகரது மிருச்சகடிகத்தில், பெண்ணொருத்தி சங்கதம் ஓதக் கேட்பது தனக்கு நகைப்பூட்டுவதென விதூடகன் கூறுகின்றான். உயர்ந்த மொழியைத் தமக்கு விதிக்கப்படாதோர் எடுத்தாளல் ஆண்டு நகைப்பொருளாயிற்று. நகை வேடிக்கையாய் நில்லாது, மக்களை அவரவர் படியிலே நிறுத்தும் வேலியாகவும் நின்றமை ஈண்டுக் கருதற்பாலது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த இசை நாடகங்களிலும் ஏறத்தாழ இப்பாகுபாடே நிலவியது. வேந்தரும் தேவியரும் செந்தமிழ் சார்ந்த நடையிற் பாடிப் பேச, பேச்சுவழக்குப் பபூனுக்கு உரியதாயிற்று. இவ்வாறு நாட்டு மக்களின் அன்றாடத் தமிழ், மேடையேறியபோது கோமாளியின் மொழியாகவே ஏறிற்று.

ஈழத்திலே இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940இல் வெளிவந்த அவரது ‘நானாடகம்’ என்னும் நூலில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கே பாத்திரங்களின் மொழியாயிற்று. அந்நூலிலுள்ள ‘உடையார் மிடுக்கு’ முதலியவற்றில் நகை உண்டு. ஆயின் வழக்குமொழி பேசுவதனால் எழும் நகையன்று அது. எல்லோரும் வீட்டுமொழி பேசும் மேடையில் அம்மொழி எங்ஙனம் நகைப்பொருளாகும்? போலி மிடுக்கும் பொய்ப் பெருமையுமே ஆண்டு நகைக்கு இலக்காயின.

வழக்கை இழிந்ததெனக் கருதுவோர் சந்தை வினாவையே மீண்டும் நோக்குதல் தகும். யாழ்ப்பாணத்தார் அதனை “உந்த மீன் என்ன விலை?” என்பர். அ, இ, உ என்னும் மூன்றனையும் சுட்டெனத் தொல்காப்பியம் வகுத்தது. அவற்றுள் உகரச் சுட்டு இக்கால உரைநடையில் அருகிப்போயிற்று. யாழ்ப்பாணத்து நாவிலோ இன்றும் உயிரோடுளது. எனவே, ‘இம்மீன்’ எனப் பேசும் கற்றவர் கைவிட்ட பழைய இலக்கணத்தை ‘உந்த மீன்’ என்போர் காத்துவருகின்றனர். பழமை ஏட்டிலே மட்டும் உறைவதன்று.

அமெரிக்க மொழியியலாளர் சார்ள்ஸ் பேர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில், இருவகை வழக்குடைய சமுதாயங்களில் உயர்வழக்கை அளவளாவலிற் பேசுவோனும், தாழ்வழக்கை முறைசார்ந்த அவையிற் பேசுவோனும் ஒப்ப நகைக்கப்படுவர் என்றார். அவ்வழி நோக்கின், இடந்தவறிய செந்தமிழும் இடந்தவறிய வழக்குமொழியும் ஒரு தராசின் இரு தட்டுக்களாம்.

நண்பர் அறிந்தே ஆடும் சொல்விளையாட்டு இன்பம் பயப்பது. அதனைக் கடிதல் வேண்டா. நூல்வழியாக மட்டுமே தமிழ் கற்ற பிறமொழியாளர் ஒருவர், “நான் நாளை வருகின்றேன்” எனத் தட்டுத்தடுமாறி உரைக்கும்போது நகைப்பதோ வேறு. அவர் பேசுவது எழுத்துத்தமிழேயாயினும், அயராது முயன்று ஈட்டியது. அவரை நோக்கி எழும் நகை, விதூடகனது பழைய நகையே. மொழியின் இரு வழக்கையும் ஆளவல்லார்க்கு, அவ்வாற்றல் வாயாதாரிடத்துப் பொறுமை காட்டுதலும் கடனாம்.